இரவல் பதிவேடு

வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
ஏசுவடியான் ஜெராக்ஸ். பெயர் அப்பாவுடையது, கடன் என்னுடையது.
ஆடிச் சாரல் விட்டபாடில்லை.
தாளோடு தாள் ஒட்டி மிஷின் இருமிக்கொண்டிருந்த மதியத்தில்
உரச்சாக்கில் சுற்றிய இரண்டு நோட்டுகளோடு
நகுலேஸ்வரி வந்தாள்.
ஆறு மணிக்குள் பழவிளை முகாமில்
கையெழுத்துப் போட வேண்டுமாம்.
"கெதியாச் செய்வீங்களோ, தம்பி?"

பெரிய நோட்டு, சேர்க்கைப் பதிவேடு.
எண், தேதி, தலைப்பு, பக்கம், விலை, குறிப்பு.
நாலாயிரத்துச் சொச்சம் புத்தகம்,
ஓர் ஊர் வெங்காயம் விற்ற காசில் வாங்கியது.
குறிப்புக் கட்டத்தில் அவள் கையெழுத்து:
கரையான். கரையான். அட்டை கிழிந்தது.
தேத்தண்ணிக் கறை (தலைவர்).
பிறகு பக்கம் பக்கமாக
மேலிருந்து கீழே இழுத்த ஒற்றைக் கோடு,
எல்லாவற்றுக்கும் ஒரே தேதி.
குறிப்பு இல்லை.

மூடியைச் சாத்தினேன்.
பச்சை வெளிச்சம் கோட்டின் மேல் போய்த் திரும்பியது.

விமானத்துக்குத் தெரியட்டும் என்று
கூரையில் எழுதினார்களாம்.
என்ன எழுதுவது என்பதில் கமிட்டிக்குள் அடிதடி.
இதற்கென்றே ஒரு சின்னம் இருக்கு, நீலமும் வெள்ளையும்,
கேடயம் மாதிரி, நாடுகள் ஒப்பமிட்டது
என்றார் தபால் மாஸ்டர்.
குறிபார்க்க வசதியாப் போகும் என்றார் இன்னொருவர்.
சங்கக்கடையில் நீலம் இல்லை.
கடைசியில் சுண்ணாம்பில், ஆளுயர எழுத்தில்:
வாசிகசாலை.
"தமிழிலதான்," என்றாள்.
"அதைத்தான் எங்களுக்கு எழுதத் தெரியும்."

கரண்ட் போனது.
காற்றாடி நின்ற அமைதியில்
அவள் சட்டென்று கூரையைப் பார்த்தாள்.

காத்திருந்தோம். சின்ன நோட்டை அவளே திறந்தாள்.
இரவல் பதிவேடு.
பெயர், எடுத்த நாள், தரவேண்டிய நாள், தண்டம்.
"நாளுக்குப் பத்துச் சதம். விடமாட்டன்.
ஒரு கணக்குப் புத்தகத்துக்காக
கனகரத்தினத்தின்ர படலையில நிண்டு கத்தியிருக்கிறன்,
ஊர் கேக்க."
அன்றைக்குத் திரும்பி வராதவை முப்பத்தேழு.
விரலால் ஒவ்வொரு பெயரையும் தொட்டாள்.
"சொன்னபடி தந்திருந்தால்
இதுகளும் போயிருக்கும்."

இப்போது தேடுகிறாள்.
கோழிவிளையில் ஒருத்தர், ஞாறான்விளையில் இரண்டு பேர் இருக்கலாம்.
இரவில் படகேறியவர்கள்
பாலா, பாயா, புத்தகமா என்று யோசித்திருக்க மாட்டார்கள்,
அவளுக்கும் தெரியும்.
ஆனால் கனகரத்தினம் அகப்பட்டார்.
கணக்குப் புத்தகமும்.
உப்பில் விறைத்து, பலகைபோல்,
நடுவில் மகளின் பிறப்புச் சான்றிதழ்.
அது கசங்காமல் இருக்கத்தான் இதை எடுத்தாராம்.
தண்டம் எவ்வளவு என்று அவர்தான் கேட்டார்.
அவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை.

கரண்ட் வந்தது. மூன்று பிரதி.
ஒன்று அவளுக்கு. ஒன்று கனடாவில் தமையனுக்கு.
மூன்றாவது?
"உங்கட கடையில வையுங்கோ."
இங்க என்ன சண்டையா நடக்கு, என்று சிரித்தேன்.
"எங்கட ஊரிலயும்
ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது," என்றாள்.

பிறகு பேச்சு ஓடவில்லை.
குலசேகரத்து மாமா தந்த ரப்பர் ஷீட்டில் சுற்றி
டோனர் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தேன்.
கரையானுக்குப் பிடிக்காத நாற்றம்.
இரண்டுக்கு மட்டும் காசு கேட்டேன்.
எண்ணி மூன்றுக்கு வைத்தாள்,
ரசீதும் கேட்டாள்.

ஏனோ அப்போது சொல்லத் தோன்றியது:
மாவட்ட நூலகத்துப் புத்தகம் ஒன்று
எட்டு மாதமாக என் வீட்டில் கிடக்கிறது,
டிவி பெட்டிக்கு மேல், படிக்காமலே.

நூலகத்துக்காரியின் முகம் ஒரு கணம் திரும்பி வந்தது.
"கொண்டுபோய்க் குடுங்கோ. என்ன பழக்கம் இது?"

படியிறங்கினாள்.
சாக்கை நெஞ்சோடு அணைத்துக் குடையை விரித்தவள்
மழைக்குள் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்கே எண்டில்லை."